லண்டன் ஃபிளாட்டும் மிச்சமுள்ள 81 வருஷமும்

கேள்வி: வணக்கமுங்கம்மா. என் மகன் லண்டனில், க்ராய்டன் பக்கம், ஆறு வீடுள்ள கட்டடத்தில் ஒரு ஃபிளாட் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. முன்பணத்துக்கு இங்கே 40 சென்ட் தென்னந்தோப்பை விற்றுக் கொடுத்தேன். இப்போது, "லீஸில் 81 வருஷம்தான் மிச்சம், நீட்டிக்கணும், இல்லாவிட்டால் எல்லாரும் சேர்ந்து ஃப்ரீஹோல்டையே வாங்கணும்" என்கிறான். நாங்கள் வாங்கியது கிரயமா, போக்கியமாங்க? அவனை எதைச் செய்யச் சொல்வது?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அண்ணா, தோப்பு விற்ற காசு என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: மகன் ஏமாந்துவிடவில்லை. நம் ஊர் போக்கியம் போல அல்ல அது. லீஸில் எழுதிய வருஷம் தீரும்வரை அந்த ஃபிளாட்டை அவர் விற்கலாம், பேங்கில் வைத்துக் கடன் வாங்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். மண்ணும் கட்டடமும் வேறொருவருக்குச் சொந்தம், அந்த உரிமைதான் ஃப்ரீஹோல்ட். கோயம்புத்தூரில் ஃபிளாட் வாங்கினால் பத்திரத்தில் யூடிஎஸ் என்று நம் பங்கு நிலத்தை எழுதுவார்களே, அது அங்கே இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான ஃபிளாட்டுகள் இப்படித்தான்.

அவசரம் எதில் என்றால், 80 என்ற எண்ணில். நீட்டிக்கக் கேட்டு நோட்டீஸ் கொடுக்கிற தேதியில் 80 வருஷத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் ஒரு விலை. 80-ஐத் தொட்டுவிட்டால், நீட்டிப்பதால் ஃபிளாட்டுக்கு ஏறுகிற மதிப்பில் பாதியையும் மண்ணுக்காரருக்குக் கொடுக்க வேண்டும். என் மகள் வீட்டில் இதைத் தவறவிட்டோம். மண்ணுக்காரர் தரப்பில் "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று மாசக்கணக்கில் இழுத்தார்கள், நாங்களும் நம்பி இருந்தோம். நோட்டீஸ் போனபோது 79 வருஷம் சொச்சம். அந்தத் தொகையை எண்ணிக் கட்டிய நாள் எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆகவே வாய்ப்பேச்சு வேண்டாம், அண்ணா. 1993-ஆம் வருஷச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்தால், மிச்சமுள்ளதோடு 90 வருஷம் கூடும். மண்ணுக்காரருக்குக் கட்டி வரும் தரை வாடகையும் நின்றுபோகும். ஒரு மிளகுதான் வாடகை என்று பத்திரத்திலேயே எழுதுவார்கள்! நோட்டீஸ் இல்லாமல் பேசி முடித்தால் பழைய லீஸ் காலம் தீரும்வரை தரை வாடகை தொடர வாய்ப்புண்டு. முன்பெல்லாம் வாங்கி இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். 31 ஜனவரி 2025 முதல் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மகன் இப்போதே கொடுக்கலாம். மண்ணுக்காரரின் நியாயமான வக்கீல் செலவும் மதிப்பீட்டுச் செலவும் இவர் தலையில்தான் விழும், அதையும் கணக்கில் வையுங்கள்.

2024-இல் ஒரு புதுச் சட்டம் நிறைவேறியது. 990 வருஷம் நீட்டிக்கலாம், அந்தப் பாதிப் பங்கும் ஒழியும் என்கிறது. ஆனால் அந்தப் பகுதிகள் இன்னும் அமலுக்கு வரவில்லை. அதற்காகக் காத்திருந்து 80-ஐத் தாண்டவிட நான் சொல்ல மாட்டேன்.

ஃப்ரீஹோல்ட் வாங்குவது நம் பாகக் கிணறு போல. ஆறு வீட்டில் மூன்று வீடாவது சேர வேண்டும். பொதுவாக ஒரு கம்பெனி தொடங்கி அதன் பெயரில் மண்ணை வாங்குவார்கள். பிறகு தங்களுக்குத் தாங்களே 999 வருஷ லீஸ் எழுதிக்கொள்ளலாம். சேராத வீடுகளின் பங்குக்கும் சேர்ந்தவர்களே காசு போட வேண்டும். அதன்பின் கூரை ஒழுகினாலும் இவர்களே கூடிப் பேசி ஆள் பிடிக்க வேண்டும். கிணற்றில் மோட்டார் முறைக்கே அண்ணன் தம்பி பேசாமல் போன குடும்பங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அக்கம்பக்கம் ஒத்துப்போகிறவர்கள் என்றால் அருமையான வழிதான், ஆனால் ஆள் சேர்க்கவே நாளாகும்.

அதனால் மகன் முதலில் தன் லீஸை நீட்டிக்கட்டும். அரசு நிதியில் நடக்கும் 'லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ்' இலவசமாக ஆலோசனை தருகிறது. அங்கே கேட்டுவிட்டு, இந்த வேலையே செய்கிற வக்கீலையும் மதிப்பீட்டாளரையும் பிடிக்கட்டும். இன்று ராத்திரி அவர் போன் பண்ணினால், லீஸ் பத்திரத்தில் காலம் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். பத்திரம் எழுதிய தேதியும் அதுவும் வேறாக இருக்கலாம். 81 என்கிற கணக்கை அந்தத் தேதியிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.