ஜெனரல்கள் பேசினார்கள், பிரிட்டன் கேட்டது

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் பிடிபட்ட ஜெர்மன் ஜெனரல்களிடம் பிரிட்டிஷார் அடித்து உதைத்துத்தான் ரகசியம் கறந்தார்களா?

பதில்: பெரிய தலைகளிடம் அதற்குத் தேவையே வரவில்லை. ஜெர்மன் ஜெனரல் வில்ஹெல்ம் ஃபான் தோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப்போர் வீரர், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கலகத் தளபதி ஃபிராங்கோவுக்காக டாங்கிப் படை நடத்தியவர், அப்புறம் ரஷ்யா, கடைசியில் ஆப்பிரிக்கா. 1942 நவம்பர் 4 அன்று எகிப்தின் எல் அலமைனில், எரிகிற டாங்கிக்குப் பக்கத்தில் நின்றவரைப் பிடித்தார்கள். அன்று இரவே பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி அவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்!

பிறகு லண்டனுக்கு வடக்கே டிரென்ட் பார்க் மாளிகை. நல்ல அறை, நடக்கத் தோட்டம், பேச்சுத்துணைக்குச் சக ஜெனரல்கள். ஆனால் கணப்படுப்பு, விளக்கு என்று கண்ட இடத்திலெல்லாம் மைக் ஒளித்திருந்தார்கள். 1943 மார்ச்சில் இன்னொரு கைதியான ஜெனரல் க்ரூவெல்லிடம் தோமா பேசும்போது, ஜெர்மனியின் கும்மர்ஸ்டோர்ஃப் ஆயுதச் சோதனைத் தளத்தில் தான் பார்த்த ராட்சத ராக்கெட் சோதனையைச் சொல்லி, நாம் லண்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம், ஆனாலும் வெடிச்சத்தம் கேட்கவில்லையே, வேலை முன்னேறவில்லை போலிருக்கிறது என்றார். பிரிட்டனுக்கு அது பெரிய துப்பு. வேறு தகவல்களும் சேர, ஆகஸ்டில் ஜெர்மனியின் பீனமுண்டே ராக்கெட் தளத்தின் மீது பிரிட்டிஷ் குண்டு விழுந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது ஒட்டுக்கேட்டவர்கள்தான். அவர்களில் பலர் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஜெர்மன் யூத அகதிகள். யூதர்களைக் கொன்று குவித்த கதைகளை இந்தக் கைதிகள் வாயாலேயே, தங்கள் தாய்மொழியில் கேட்டு எழுதிவைத்தார்கள்.