டைவிங் முடிந்து வந்த தோள்வலி சுளுக்குதானா?

கேள்வி: எனக்கு வயது 41. போன மாதம் ஒரு சின்னத் தீவைச் சுற்றி ஸ்கூபா டைவிங் செய்தேன். 22 மீட்டர் ஆழத்தில் நீரோட்டம் பலமாக இழுத்தது. எதிர்த்து உதைத்து நீந்தியதில் சிலிண்டர் சீக்கிரம் காலியாக, அவசரமாக மேலே வந்துவிட்டேன். அன்று மாலை வலது தோளில் வலி, விரல்கள் மரத்துப்போயின. சுளுக்கு என்று வலி மாத்திரை போட்டேன். மூன்று நாளில் சரியாகிவிட்டது. அடுத்த மாதம் மறுபடி போகலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வலி போய்விட்டது சரி, ஆனால் விரல் மரத்தது எனக்கு உறுத்துகிறது. டைவர்கள் 'பெண்ட்ஸ்' என்று சொல்லும் அழுத்தநீக்க நோயாக இது இருந்திருக்கலாம்.

22 மீட்டர் ஆழத்தில் உடல்மேல் உள்ள அழுத்தம் தரையில் இருப்பதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில், சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துகொண்டே இருக்கும். மெதுவாக ஏறினால் அது மூச்சோடு வெளியேறிவிடும். அவசரமாக ஏறினால் உள்ளேயே குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் தொந்தரவு செய்யும். நீரோட்டத்தோடு மல்லுக்கட்டும்போது தசைகளுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் நைட்ரஜனும் கூடுதலாகச் சேரும். கையில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டர் ஆழத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. நீங்கள் மூச்சு வாங்க உதைத்தது பெரும்பாலான கருவிகளின் கணக்கில் வராது.

சுளுக்கு என்றால் அந்த இடத்தை அழுத்தினாலோ கையைத் தூக்கினாலோ சுரீரென்று வலிக்கும். குமிழியால் வரும் வலி பெரும்பாலும் மூட்டுக்குள் குடைவதுபோல இருக்கும்; கையை அசைத்தாலும் பெரிதாக மாறாது. இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. அதனால் டைவ் முடிந்து 24 மணி நேரத்துக்குள் வரும் புது வலி, மரப்பு, தலைச்சுற்றல், காரணமில்லாத அசதி எதுவானாலும் பெண்ட்ஸ் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உடனே படுக்கவைத்து 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்து, மருத்துவரிடம் பேச வேண்டும். குமிழிகளைக் கரைக்க, காற்றழுத்தம் கூட்டிய மூடிய அறையில் வைத்து ஆக்சிஜன் கொடுக்கும் அழுத்த அறை சிகிச்சை சின்னத் தீவுகளில் கிடைப்பது அரிது. 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடும் அந்த ஓர் இரவுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

டைவிங் மருத்துவம் தெரிந்த ஒருவரைப் பார்த்து நரம்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே, குழந்தைப் பருவத்தில் மூட வேண்டிய சிறு துளை மூடாமல் இருக்கிறதா என்றும் அவர் பார்க்கச் சொல்லலாம். நான்கில் ஒருவருக்கு அது இருக்கிறது. அதன் வழியே குமிழிகள் நேராக மூளைக்குப் போகும் வாய்ப்பு உண்டு.

அவர் அனுமதித்த பிறகு போனால், நீரோட்டத்தை எதிர்க்காதீர்கள். அதன் போக்கிலேயே மிதந்து போகும் டைவாகத் திட்டமிடுங்கள். கீழே இழுத்தால் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏற வேண்டாம். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். பல நாள் டைவ் செய்தால், கடைசி டைவுக்கு அப்புறம் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது டைவ் கம்ப்யூட்டரையும் எடுத்துப் போங்கள். அன்று எவ்வளவு வேகமாக ஏறினீர்கள் என்பது அதில் பதிவாகியிருக்கும்.