டென்ட்ரோபியம் தொட்டிக்குள் என்ன போடலாம்?

கேள்வி: ஏற்காட்டில் வாங்கிய டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டை, சேலம் அஸ்தம்பட்டி வீட்டு மொட்டை மாடியில் செம்மண்ணும் தொழு உரமும் கலந்து வைத்தேன். இரண்டே மாதத்தில் இலை மஞ்சளாகிறது. ஏற்காட்டில் இருக்கும் அக்கா வெறும் கரித்துண்டில்தான் வளர்க்கிறார். நானும் அப்படியே செய்யலாமா?

முதலில் அந்த மண்ணைக் கொட்டிவிடுங்கள். மரக்கிளையைப் பற்றி வளரும் செடி இது, வேரின் மேல் பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை உறை இருக்கும், மழையில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அப்புறம் காற்றில் உலர வேண்டும்; மண்ணும் எருவும் அடைத்துக்கொண்டால் மூச்சுமுட்டி அழுகிவிடும். கொழகொழவென்று நசுங்கும் வேரையெல்லாம் நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தரியால் வெட்டி எடுங்கள்.

சரி, கரி? அக்கா இருப்பது சுமார் 1500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டத்தில் வேர் லேசில் காயாது, ஈரத்தை அதிகம் பிடித்துவைக்காத கரி அங்கே பொருத்தம். உங்கள் மாடியில் சித்திரை வெயிலுக்கு அது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அதனால் கரி பாதி, மீதிப் பாதியில் செங்கல் துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் சரிசமமாகப் போடுங்கள், எல்லாம் பெரிய நெல்லிக்காய் அளவில். காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிற கை என்றால் மட்டையே வேண்டாம். இஸ்திரி போடுபவர்கள் வாங்கும் சாதாரணக் கரியே போதும், தூளைச் சலித்துக் கழுவிவிடுங்கள்.

மட்டையில் உப்பு இருக்கும். மூன்று நான்கு நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, சாயம் இறங்குவது நின்ற பிறகு போடுங்கள். நார்க்கழிவுத் தூள் மட்டும் கூடவே கூடாது, அதுவும் மண் மாதிரியே அடைத்துக்கொள்ளும். போர் தண்ணீர்தான் என்றால் கரியில் வெள்ளையாக உப்புப் படியும், மழைத் தண்ணீர் கிடைக்கும்போதெல்லாம் தாராளமாக ஊற்றி அலசுங்கள்.

தொட்டி சிறிதாக, நான்கைந்து அங்குலம், பக்கவாட்டில் ஓட்டை உள்ள மண் தொட்டியாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வைத்தால் நடுப்பகுதி காயவே காயாது (நானும் இப்படி ஒன்றைக் கெடுத்திருக்கிறேன்). வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள், மற்றபடி சேலத்து வெக்கை டென்ட்ரோபியத்துக்குப் பிடித்ததுதான்.

நட்டதும் ஒரு குச்சியில் கட்டிவிடுங்கள், செடி ஆடினால் புது வேரின் நுனி உரசிக் கருகிவிடும். பச்சை நுனியோடு புது வேர் கிளம்பும்வரை உரம் வேண்டாம்.