காரிங்டன் பிரபு: பட்டமும் பதவி விலகலும்

கேள்வி: பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராயிருந்த காரிங்டன் பிரபு தேர்தலில் நிற்காமலே அமைச்சரானவர் என்கிறார்கள். அது எப்படி முடிந்தது, ஐயா?

பதில்: பிரிட்டனில் தந்தைக்குப் பின் மகனுக்கு என வழிவழியாக இறங்கும் பட்டத்தை உடையவரைப் பரம்பரைப் பிரபு என்பர். பீட்டர் காரிங்டனின் குடும்பப் பட்டம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாட்டிங்காம் நகரத்து வங்கியாளரான ராபர்ட் ஸ்மித்துக்கு அளிக்கப்பட்டது. 1919 ஜூன் 6 அன்று பிறந்த பீட்டர், 1938இல் தந்தை இறந்தபோது, பத்தொன்பது வயதில் ஆறாவது காரிங்டன் பிரபுவானார். இருபத்தொரு வயது நிறைந்த 1940இல் பிரபுக்கள் அவையில் அமரும் உரிமை பெற்றார். அமைச்சராவதற்கு மக்களவை, பிரபுக்கள் அவை என்ற இரண்டு அவைகளில் ஏதேனும் ஒன்றில் இருந்தால் போதும் என்பது அந்நாட்டு வழக்கம். ஆகவே மக்களவைத் தேர்தலை ஒருமுறைகூடச் சந்திக்காமல், சர்ச்சில் முதல் தாட்சர் வரை ஆறு கன்சர்வேடிவ் பிரதமர்களின் கீழ் அவரால் பணியாற்ற முடிந்தது.

கேள்வி: போரில் பங்கெடுத்தாரா?

பதில்: ஆம். கிரனேடியர் காவல் படையின் டாங்கிப் பிரிவில் அதிகாரியாக இருந்தார். 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் நைமேகன் பாலத்தை முதலில் கடந்த சில டாங்கிகளுள் ஒன்று அவருடையது. 1945இல் இராணுவச் சிலுவைப் பதக்கம் பெற்றார்.

கேள்வி: 1954இல் நடந்த கிரிச்செல் டவுன் விவகாரத்தில் அவருடைய பங்கு என்ன?

பதில்: டார்செட் மாவட்டத்தில் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக 1938இல் அரசு எடுத்துக்கொண்ட நிலம் அது; பரப்பு 725 ஏக்கர். போருக்குப் பின் வேளாண் அமைச்சகத்தின் கைக்கு மாறிய அந்த நிலத்தைப் பழைய உரிமையாளரின் குடும்பத்தார் திரும்ப விலைக்குக் கேட்டபோது, அதிகாரிகள் அவர்களை நடத்திய விதம் விசாரணையில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. வேளாண் அமைச்சர் தாமஸ் டக்டேல் பதவி விலகினார். துணை அமைச்சராயிருந்த காரிங்டனும் விலக முன்வந்தார், சர்ச்சில் ஏற்கவில்லை. இந்தச் சிறு நிகழ்ச்சியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் பதவி விலக அவர் எடுத்த முடிவு திடீரென்று வந்ததல்ல என்பதற்கு இதுவே சான்று.

கேள்வி: அவர் பிரதமராகியிருக்க முடியாதா?

பதில்: 1963ஆம் ஆண்டுச் சட்டம் பட்டத்தைத் துறக்க வழி திறந்தது. தொழிற்கட்சியின் டோனி பென் அதன்படி முதலில் துறந்தார். அதே ஆண்டு அக்டோபரில், அப்போதுதான் பிரதமராகியிருந்த ஹோம் பிரபுவும் துறந்து பிரதமராகவே தொடர்ந்தார். காரிங்டன் துறக்கவில்லை. பிரபுக்கள் அவையிலிருந்து ஒருவர் பிரதமராவதை அக்காலத்து அரசியல் ஏற்காது என்பதால், அந்தக் கதவு அத்தோடு மூடியது என்றே கருதுகிறேன்.

கேள்வி: வெளியுறவு அமைச்சராக அவர் சாதித்தது எது? ஃபாக்லாந்து விவகாரத்தில் உண்மையில் அவர் மீது தவறு இருந்ததா?

பதில்: சாதனை என்றால், வெள்ளைச் சிறுபான்மையினர் ஆட்சியை எதிர்த்துப் போர் நடந்த ரொடீசியாவை, அதாவது இன்றைய ஜிம்பாப்வேயைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1979 செப்டம்பரில் லண்டனின் லங்காஸ்டர் மாளிகையில் அவர் தலைமையில் தொடங்கிய பேச்சில், அந்நாட்டு அரசுத் தரப்பின் முசோரேவாவும் இயன் ஸ்மித்தும் ஒருபுறம், கெரில்லா இயக்கத் தலைவர்களான முகாபேயும் நிகோமோவும் மறுபுறம் அமர்ந்தார்கள். முதலில் அரசியல் சாசனம், பிறகு இடைக்கால ஆட்சி, கடைசியாகப் போர்நிறுத்தம் என்று ஒன்றை முடித்துவிட்டே அடுத்ததைத் தொட்டதுதான் அவர் கையாண்ட உத்தி. டிசம்பர் 21 அன்று உடன்பாடு கையெழுத்தானது. 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே விடுதலை பெற்றது.

ஃபாக்லாந்து வேறு கதை. தென் அட்லாண்டிக்கில் பிரிட்டனின் ஆளுகையில் இருந்த அந்தத் தீவுகளை, அவற்றுக்கு உரிமை கோரிவந்த அர்ஜென்டினா 1982 ஏப்ரல் 2 அன்று கைப்பற்றியது. அப்பகுதியில் நின்ற எண்டூரன்ஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலைத் திரும்பப் பெறும் பாதுகாப்புத் துறையின் முடிவைக் காரிங்டன் முன்னரே எதிர்த்திருந்தார். அந்த எச்சரிக்கை எடுபடவில்லை. மறுநாள் சனிக்கிழமை மக்களவை அவசரமாகக் கூடிக் கொந்தளித்தபோது, பிரபு என்பதால் அவரால் அங்கே எழுந்து நின்று தம் துறைக்காகப் பேச முடியவில்லை. நாற்பது ஆண்டுகளாக அவரை உயர்த்திய பட்டமே அன்று அவர் வாயைக் கட்டியது. சொந்தக் கட்சி உறுப்பினர்களின் சினத்தைத் தனிக் கூட்டத்தில் நேரில் கேட்டார். ஏப்ரல் 5 அன்று, தாட்சர் தடுத்தும் கேளாமல், விலகினார். அவருடைய துறையின் அட்கின்ஸ், லூஸ் என்ற இரு அமைச்சர்களும் உடன் விலகினார்கள். 1983இல் வெளிவந்த ஃபிராங்க்ஸ் விசாரணைக் குழுவின் அறிக்கை, படையெடுப்புக்கு அரசைப் பொறுப்பாக்க முடியாது என்றது. என் கணிப்பில், சட்டப்படி அவர் குற்றவாளி அல்லர். ஆனால் தம் துறையின் கண்காணிப்பில் நேர்ந்த அவமானத்துக்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று எண்ணித் தாமே முன்வந்தது மதிக்கத்தக்க செயல்.

கேள்வி: அதன் பின் ஓய்வு பெற்றுவிட்டாரா?

பதில்: இல்லை. 1984 முதல் 1988 வரை மேலைநாடுகளின் இராணுவக் கூட்டணியான நேட்டோவின் பொதுச் செயலாளராயிருந்தார். 1991இல் யூகோஸ்லாவிய அமைதி மாநாட்டின் தலைமையை ஏற்றார். அந்த முயற்சி போரை நிறுத்தவில்லை.

கேள்வி: 1999இல் பரம்பரைப் பிரபுக்கள் வெளியேற்றப்பட்ட பிறகும் அவர் எப்படி அவையில் இருந்தார்?

பதில்: அந்த ஆண்டுச் சட்டம் 92 பேரைத் தவிர மற்றப் பரம்பரைப் பிரபுக்களை நீக்கியது. காரிங்டனுக்கோ வாழ்நாள் பிரபு என்ற புதிய பட்டம் தனியே அளிக்கப்பட்டது. அது பிள்ளைகளுக்கு இறங்காது. அந்த இருக்கையில்தான் 2018 ஜூலை 9 அன்று, 99 வயதில் காலமாகும் வரை உறுப்பினராயிருந்தார். பழைய பட்டம் மகன் ரூபர்ட்டுக்குச் சென்றது. ஆனால் அதனோடு இருக்கை வரவில்லை. ரூபர்ட் அதே ஆண்டு, அந்த 92 இடங்களுள் ஒன்றுக்கு நடந்த இடைத்தேர்தலில் பரம்பரைப் பிரபுக்களின் வாக்கைப் பெற்றே உள்ளே நுழைந்தார்.