கையால் வாசிக்கும் எலக்ட்ரானிக் பேட் வாங்கலாமா?

கேள்வி: சிறு வயதில் 6 ஆண்டுகள் மிருதங்கம் கற்றேன். இப்போது வார இறுதிகளில் ஒரு பஜனைக் குழுவிலும், நண்பர்களின் மெல்லிசைக் குழுவிலும் மிருதங்கம், தபலா, டோலக் வாசிக்கிறேன். மூன்றையும் தூக்கிக்கொண்டு அலைய முடியவில்லை. அடுக்குமாடி வீடு என்பதால் இரவு 9 மணிக்கு மேல் சாதகமும் (பயிற்சி) செய்ய முடியவில்லை. கையால் வாசிக்கும் எலக்ட்ரானிக் பேட் ஒன்று வாங்கினால் எல்லாம் தீருமா? 8 வயது மகளும் அதிலேயே கற்றுக்கொள்ளலாமா?
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: மெல்லிசை மேடைக்குத் தாராளமாக வாங்கலாம். இரவுச் சாதகத்துக்குப் பாதி உதவும். மகளுக்கு வேண்டாம். ஏன் என்பதற்கு முதலில் உங்கள் மிருதங்கத்தையே எடுத்து வையுங்கள்.

வலது பக்கத்தில் மெதுவாக ஒரு 'நம்' என்ற சொல்லை வாசியுங்கள். ஆள்காட்டி விரல் மீட்டில், அதாவது ஓரத் தோலில் விழுகிறது. அதே நேரம் மோதிர விரல் என்ன செய்கிறது என்று பாருங்கள். நடுவில் உள்ள கறுப்பு வட்டமான கரணையின் ஓரத்தில் பட்டும் படாமலும் இருக்கிறது. அது அடிக்கவில்லை, தொடுகிறது. அந்த விரலை எடுத்துவிட்டு அடித்தால் 'நம்' வராது, வேறு ஒலி வரும். சர் சி.வி. ராமன் 1920-இல் நேச்சர் இதழிலும், பிறகு 1934-இல் விரிவாகவும் எழுதியது இதைப் பற்றித்தான். வெறும் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகள்) ஒன்றோடொன்று சேராது. கரணையின் கனம் அவற்றைச் சுருதிக்குள் கொண்டுவருகிறது. அவற்றில் எது ஒலிக்கலாம், எது அடங்க வேண்டும் என்பதைத் தொடும் விரல் தீர்மானிக்கிறது.

பல பகுதிகளாகப் பிரித்த ரப்பர் முகம் கொண்ட பேட் இந்த விரலைக் கணக்கில் எடுப்பதில்லை. எந்தப் பகுதியில் அடி விழுந்தது, எவ்வளவு வேகமாக விழுந்தது என்ற இரண்டைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. வேகத்தை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றி, முன்பே பதிவு செய்து வைத்த 'நம்'மை ஒலிக்க விடுகிறது. பதிவு நன்றாக இருந்தால் அந்த ஒரு 'நம்' அற்புதமாகவே இருக்கும். ஆனால் மூன்றாம் காலத்தில், அதாவது அதிவேகத்தில், ஃபரன்ஸ் என்னும் விரைந்த சொற்கோவையை வாசிக்கும்போது ஒரே 'நம்' அச்சடித்ததுபோல வரிசையாக வரும். காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

தொப்பிப் பக்கம் (இடது பக்கம்) கொஞ்சம் தேவலாம். ஹேண்ட்சோனிக் என்ற வகையில் பேடை அழுத்தினால் சுருதி மாறும்படி வைக்கலாம். அதை வைத்துக் கும்கி (தொப்பியில் சுருதியை வளைத்து எழுப்பும் ஒலி) போல ஒன்று செய்ய முடியும். தபலாவின் இடது கை முகமான பாயாவுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. தோலில் கை வழுக்கிச் செல்லும்போது வரும் குழைவு மட்டும் இதில் கிடைக்காது.

ரோலண்ட் நிறுவனத்தின் ஹேண்ட்சோனிக் 2000-இல் வந்தபோது அதன் முகத்தில் 15 பகுதிகள் இருந்தன. 2013-இல் வந்த ஹெச்பிடி-20 என்ற ஹேண்ட்சோனிக் மாடலில் 13 பகுதிகள், 850 ஒலிகள். கோர்க் நிறுவனத்தின் வேவ்டிரம் வேறு வழி. 1994-இல் வந்து, 2009-இல் புது வடிவில் திரும்பி வந்தது. உண்மையான டிரம் தோல் போர்த்தி, அதன் அதிர்வையே எடுத்து ஒலியாக வளைக்கிறது. நகத்தால் கீறினால்கூடக் கேட்கும். கை பேசுவதை அதிகம் கேட்கும் கருவி இதுதான். ஆனால் ஒரே முகம் என்பதால், ஒரே பாட்டில் தபலாவும் டோலக்கும் மாற்றி மாற்றி வாசிப்பவருக்கு ஹேண்ட்சோனிக்தான் வசதி. உங்களுக்கும் அதுவே.

மேடையில் இதன் அருமை தனி. ஆண் குரல் 1 கட்டைச் சுருதியில் பாடி முடித்ததும் பெண் குரல் 5 கட்டையில் தொடங்கும். தபலாக்காரர் இன்னொரு தாயாவை (வலது கை முகம்) எடுக்க வேண்டும், சுருதி சேர்க்கச் சுத்தியல் தட்ட வேண்டும். பேடில் ஒரு பட்டன் போதும். மழைக்காலத்தில் தோல் இறங்குமே என்ற கவலை இல்லை. மைக் வேண்டாம். பக்கத்திலேயே டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் அதிரும்போது தபலா மைக்கில் எல்லாமே ஏறி ஃபீட்பேக் கூவும். அந்தத் தொல்லை அடியோடு போய்விடும்.

பஜனைக்கு மட்டும் டோலக்கையே எடுத்துச் செல்லுங்கள். கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பாடும் இடத்தில், தாளம் உங்கள் மடியிலிருந்து வர வேண்டும். மூலையில் உள்ள ஸ்பீக்கரிலிருந்து வந்தால் பாடுகிறவர்களுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை.

அப்புறம், கரண்ட். ஒரு கோவில் திருவிழாக் கச்சேரியில் ஜெனரேட்டர் மாற்றிய அந்த ஒரு நொடியில் என் பேட் அணைந்துவிட்டது. திரும்ப உயிர் பெற்றபோது முதல் செட்டில் (சேமித்து வைத்த ஒலித் தொகுப்பில்) நின்றது. அது தெரியாமல் அடுத்த அடியை வைத்தேன், டோலக் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ மணி ஒலித்தது. பாடிய அம்மா திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து சின்ன யூபிஎஸ் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. அதிகம் பயன்படுத்தும் டோலக் செட்டை முதல் இடத்திலேயே வைத்துவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இரவுச் சாதகத்தில் இரண்டு விஷயம். ஹெட்ஃபோன் போட்டால் ஒலி வெளியே போகாது. ஆனால் கை தட்டும் 'தொம் தொம்' ஸ்டாண்ட் வழியாகத் தரையில் இறங்கிக் கீழ் வீட்டுக்குப் போகும். மடியில் வைத்து வாசியுங்கள், அல்லது ஸ்டாண்டின் கால்களுக்குக் கீழே தடித்த ஃபோம் போடுங்கள். இரண்டாவது, விரல் வலி. தோல் விரலைத் திருப்பித் தூக்கிவிடும், ரப்பர் அவ்வளவு தூக்காது. ஒலி போதவில்லை என்று ஓங்கி அடிக்கத் தொடங்குவோம். எனக்கு ஆள்காட்டி விரல் கணு இரண்டு வாரம் வலித்தது. சென்சிட்டிவிட்டியைக் கூட்டிவிட்டு மெல்ல வாசிக்கப் பழகியதும் போயிற்று. தாளக் கணக்கு, கோர்வை (முடிவுச் சொற்கோவை), காலப்பிரமாணம் (வேகம் மாறாமல் வாசிப்பது) இவற்றைப் பேடில் சாதகம் செய்யலாம். நாதத்துக்கான சாதகம் பகலில், மிருதங்கத்தில்.

மகளைப் பேடில் உட்கார வைத்தால், 'நம்' வைத்த பகுதியை எப்படித் தட்டினாலும் சுத்தமான 'நம்' வரும். தன் விரல் தப்பு என்று அந்தக் குழந்தைக்குத் தெரியவே தெரியாது. பின்னாளில் மிருதங்கத்தில் உட்காரும்போது முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அவள் கைக்கு ஏற்ற சின்ன மிருதங்கம் வாங்கிக் கொடுங்கள். தோலும் ஈரமும் பராமரிக்கச் சிரமம் என்றால் செயற்கைத் தோல் போட்ட மிருதங்கமும் கிடைக்கிறது. அதில் தொடும் விரலுக்கு வேலை உண்டு.

கடைக்குப் போகும்போது உங்கள் ஹெட்ஃபோனை எடுத்துப் போங்கள். முதலில் எவ்வளவு மெதுவாகத் தட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாகத் தட்டுங்கள், ஒலி வருகிறதா பாருங்கள். உள்ளங்கையை ஒரு பகுதியில் ஊன்றிக்கொண்டு பக்கத்துப் பகுதியை ஓங்கி அடியுங்கள். இரண்டும் ஒலித்தால் சென்சார் சரியில்லை, அல்லது அமைப்பை மாற்ற வேண்டும். 'தரிகிடதொம்' மூன்று காலத்திலும் வாசியுங்கள், அடி ஏதும் விழுங்கப்படுகிறதா என்று கவனியுங்கள். ஒலி நீண்டு நிற்கும்போதே செட்டை மாற்றிப் பாருங்கள், கார்வை (நீளும் ஒலி) பாதியில் வெட்டுப்படலாம்.

கடைசியாக, பேடை ஸ்பீக்கரில் இணைத்து ஓர் அடி அடித்து, ஃபோனில் பதிவு செய்யுங்கள். கை பட்ட சத்தமும் ஸ்பீக்கர் சத்தமும் அலைவடிவத்தில் இரண்டு முள்ளாகத் தெரியும். இடைவெளி 10 மில்லி நொடிக்குள் இருந்தால் நல்லது. அது நீங்கள் ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதற்குச் சமம், கை பழகிவிடும். கடைக்காரர் புளூடூத் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதில் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி நொடியைத் தாண்டும். வயர் போட்டுக் கேளுங்கள்.