பிஎம்எஸ் சோதிக்க எந்த செல் வாங்கலாம்?

கேள்வி: எட்டு செல் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரிக்காக ஒரு பிஎம்எஸ் போர்டு, அதாவது செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட், வாங்கினேன். பேட்டரியில் வரப்போவது 100 ஏஎச் (ஆம்பியர்-அவர்) செல்கள். எடுத்தவுடன் அவற்றில் மாட்டப் பயமாக இருக்கிறது. சின்ன செல்களை வைத்து மேசையில் சோதித்துப் பார்க்கலாமா? பழைய லேப்டாப் பேட்டரியில் இருந்து கழற்றிய 18650 செல்கள் கைவசம் உள்ளன. அவை போதுமா?

பதில்: சோதிப்பது நல்ல யோசனை, லேப்டாப் செல்கள் மட்டும் வேண்டாம். அவற்றின் கெமிஸ்ட்ரியே வேறு, முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரும். உங்கள் போர்டோ 3.65 வோல்ட்டை ஒட்டி சார்ஜை நிறுத்திவிடும். பாதி சார்ஜில் 3.7 காட்டும் லேப்டாப் செல், போர்டின் கணக்கில் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

எல்எஃப்பியிலேயே சின்னது வாங்குங்கள். 18650 அளவில் 1500 எம்ஏஎச் வாக்கில் கிடைக்கும். பென்டார்ச் செல் அளவுள்ள 14500-ல் 600 எம்ஏஎச் வரை வரும். என் ஓட்டு 14500-க்குத்தான். காரணம் பேலன்சிங், அதாவது கூடுதலாக நிறைந்த செல்லை வடித்து மற்றவற்றோடு சமமாக்குவது. சின்ன போர்டுகள் பலவற்றில் பேலன்ஸ் கரன்ட் 50 மில்லி ஆம்பியர் அளவுதான். 100 ஏஎச் செல் ஒன்று மற்றவற்றைவிட 5 சதவீதம் கூடுதலாக நிறைந்திருந்தால், அந்த 5 ஏஎச்சை வடிக்க 100 மணி நேரம் ஆகும். 600 எம்ஏஎச் செல்லில் அதே 5 சதவீதம் முப்பதே எம்ஏஎச், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு செல்லை மட்டும் தனியாகக் கொஞ்சம் சார்ஜ் செய்து சேருங்கள். போர்டு அதைக் கண்டுபிடித்து வடிக்கிறதா என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடலாம்.

ஓவர்கரன்ட் (அளவு மீறிய கரன்ட்) சோதனைக்கு இந்த செல்கள் ஆகாது. இழுத்தால் வோல்டேஜ் சட்டென்று தொய்ந்து, போர்டு அண்டர்வோல்டேஜ் என்று வெட்டிவிடும். லோடு அரை ஆம்பியரைத் தாண்ட வேண்டாம்.

வாங்கும்போது ப்ரொடெக்டட் செல்லைத் தவிருங்கள். அதன் அடியில் உள்ள குட்டி சர்க்யூட் உங்கள் போர்டுக்கு முன்பே வெட்டிவிட்டால், எது வெட்டியது என்றே தெரியாது. ஸ்கேலை வைத்தால் வித்தியாசம் புரியும்: 18650 என்பது 65 மில்லிமீட்டர் நீளம், ப்ரொடெக்டட் என்றால் சில மில்லிமீட்டர் கூடும். எல்எஃப்பி 18650-ல் 3000 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தால் அது பொய், தொடாதீர்கள். ஒரே பேட்ச்சில் பத்தாக வாங்கி, வோல்டேஜ் ஒத்துப்போகும் எட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முனைகளில் டேப் (கம்பி சேர்க்க உதவும் உலோகப் பட்டை) வைத்து வருவது கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்பிரிங் ஹோல்டரில் செல் லேசாக அசைந்தாலே ரீடிங் ஆடும். செல்லின் மேல் நேரடியாக சால்டர் வைக்காதீர்கள்.

சின்ன செல்தானே என்று ஃபியூஸை விட்டுவிடவும் கூடாது. பாசிட்டிவ் முனையில் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். அப்புறம், செல்களிலிருந்து வரும் கம்பிகள் சேரும் பேலன்ஸ் கனெக்டரை போர்டில் செருகும் முன், மீட்டரின் கறுப்பு முனையை முதல் கம்பியில் வைத்து, சிவப்பை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். 3.2, 6.4, 9.6 என்று படிப்படியாக ஏறி 25.6 அருகே முடிய வேண்டும். இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டு, செருகிய நொடியிலேயே நான் ஒரு போர்டைப் புகைய வைத்திருக்கிறேன். அன்று அளந்திருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.