விறகு ஸ்டவ் போடலாமா என்று கேட்ட தம்பிக்கு

வாங்கிய பழைய வீட்டுக் கூடத்தில், அறையைச் சூடாக்கும் விறகு ஸ்டவ் வைத்தால் ஹீட்டர் செலவு குறையுமா, நானே பொருத்திக்கொள்ளலாமா, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பயமில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். 14 குளிர்காலமாக இதை எரித்துக்கொண்டிருக்கிறேன். தாராளமாகப் போடலாம் தம்பி, ஆனால் உங்கள் கவலையெல்லாம் அந்த இரும்புப் பெட்டியைப் பற்றியே இருக்கிறது, ஆபத்து இருப்பதோ புகைபோக்கியிலும் விறகிலும்தான்.

நீங்களே பொருத்த வேண்டாம். ஸ்டவ்வுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி, கீழே தீப்பிடிக்காத தளம் எவ்வளவு அகலம், பழைய செங்கல் புகைபோக்கிக்குள் எவர்சில்வர் குழாய் இறக்க வேண்டுமா என்பதெல்லாம் அளந்து செய்ய வேண்டிய வேலை. பல நாடுகளில் இதற்கு அனுமதியோ, தகுதி பெற்றவர் தரும் சான்றிதழோ தேவை. அது இல்லாமல் நாளைக்கு ஏதாவது நடந்தால் வீட்டுக் காப்பீட்டுப் பணம் வருவதே சிக்கலாகிவிடும். அப்புறம், பெரியதாக வாங்கினால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன அறைக்குப் பெரிய ஸ்டவ் என்றால் வெக்கை தாங்காமல் காற்றுத் துவாரத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பீர்கள், நெருப்பு எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும், அந்தப் புகைதான் குழாயின் உட்புறத்தில் தாராகப் படியும். கிரியோசோட் என்பார்கள்.

அதை நான் கண்ணால் பார்த்தேன். முதல் வருடம், வெட்டி மூன்று மாதம்கூட ஆகாத விறகை மலிவாக வாங்கிப் போட்டேன். கட்டையின் வெட்டுமுனையில் நுரை கொப்பளித்து உஸ்ஸென்று சத்தம் வரும், கதவுக் கண்ணாடி ஒரே இரவில் கறுத்துப்போகும். வசந்தத்தில் புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர் தூரிகையை இழுத்தபோது பளபளவென்று கறுப்பாக, உடைந்த கண்ணாடித் துண்டுகள் மாதிரி உதிர்ந்தது. அது அத்தனையும் தீப்பிடிக்கக்கூடியது. அன்றிலிருந்து ஈரம் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் ஊசியைக் குத்திப் பார்க்க வேண்டும், 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் எரிக்கலாம். பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றாட அடுக்கினாலும் ஒன்றிரண்டு வருடம் ஆகும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்தேற்றிய மரம் எதையும் உள்ளே போடாதீர்கள், நச்சுப்புகை. புகைபோக்கியை வருடத்துக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

படுக்கப்போகும்போது நிறையக் கட்டையைத் திணித்து, காற்றை அடைத்து, விடியும்வரை புகையவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். தார் படிவது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டவ் இருக்கும் அறையிலும் நீங்கள் தூங்கும் அறையிலும் அதற்கான அலாரம் இல்லாமல் முதல் தீக்குச்சியைக்கூடக் கிழிக்காதீர்கள். காற்று புகாமல் இறுக்கமாகக் கட்டிய வீடாக இருந்தால் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனே புகையை உள்ளே இழுத்துவிடும், அதையும் கவனியுங்கள்.

சாம்பல் விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. ஒன்றரை நாள் ஆறிய சாம்பல்தானே என்று பிளாஸ்டிக் வாளியில் அள்ளிப் பின்வாசல் மரத்தளத்தில் வைத்தேன். காலையில் பார்த்தால் வாளியின் அடி உருகி, பலகையில் உள்ளங்கை அளவுக்குக் கரி. சாம்பலுக்குள் புதைந்த கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டை விட்டுத் தள்ளி, சிமெண்ட் தரையில் வையுங்கள்.

குழந்தை தவழ ஆரம்பிக்கும் முன்பே, ஸ்டவ்வைச் சுற்றிச் சுவரில் மாட்டும் கம்பித் தடுப்பு போட்டுவிடுங்கள், அந்தக் கண்ணாடியைத் தொட்டால் நொடியில் கை வெந்துவிடும். குழந்தைக்கு இழுப்பு, மூச்சுத்திணறல் ஏதாவது இருந்தால் ஸ்டவ்வே வேண்டாம் என்பேன், கதவைத் திறந்து கட்டை போடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நுண்துகள் அறைக்குள் வரத்தான் செய்யும்.

என்றைக்காவது புகைபோக்கிக்குள் ரயில் போவது போல இரைச்சல் கேட்டால் உள்ளே தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஸ்டவ் கதவையும் காற்றுத் துவாரத்தையும் மூடிவிட்டு, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தீயணைப்புக்குப் போன் செய்யுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

சரி, செலவு குறையுமா என்பது விறகு என்ன விலைக்குக் கிடைக்கிறது, அடுக்கி உலர்த்த இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. உங்கள் வீட்டில் செங்கல் புகைபோக்கி ஏற்கனவே இருக்கிறதா, புதிதாகக் குழாய் விட வேண்டுமா? அதைச் சொல்லுங்கள், மேற்கொண்டு எழுதுகிறேன்.